நாலு கால் பிளக்

மனித இனம் குகையிலிருந்து வெளியே வந்த நாள்தொட்டு இன்றுவரை திருத்திக்கொள்ளாத ஒரே தவறு, தோய்த்த உடுப்பை அடுத்தவன் பார்க்கும்படி காயப்போடுவதுதான். நெருப்பைக் கண்டுபிடித்தான். சக்கரத்தைக் கண்டுபிடித்தான். நிலவில்கூடக் கால் வைத்தான். உள்பாவாடையை மறைக்க மட்டும் அவனுக்கு வழி தெரியவில்லை. ஒரு குடும்பத்தின் மானம் அதன் கொடியில் தொங்குகிறது. கொடி இல்லாத வீடே நாகரிகமான வீடு.

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் நிற்கிறது அந்த எட்டுமாடித் தொடர்மாடி. அதன் நலன்புரிச் சங்கச் செயலாளரும் ஓய்வுபெற்ற மின்பொறியியலாளருமான யோகநாதன், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று இதைச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடிய வயதில் இருந்தவர்கள் கூட்டத்துக்கு வரவில்லை.

அவர் யாரைப் பார்த்துச் சொன்னார் என்பது எல்லோருக்கும் தெரியும். எதிர்வீட்டு ஜவாத், கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருப்பவர். காலையில் ஈர உடுப்பு நிறைந்த ஒரு பேசினை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறி, மனைவி மஸாஹிராவின் உடுப்பு, மகளின் உடுப்பு, தன் சாரம் என்று ஒழுங்காக விரித்துப் போட்டு, கிளிப் குத்தி, ஒரு முறை தள்ளி நின்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். யோகநாதன் அவருக்கு 'கொடி மந்திரி' என்று பெயர் வைத்திருந்தார். ஜவாதுக்கும் அது தெரியும். மந்திரி என்றால் மரியாதையான சொல்தானே என்று விட்டுவிட்டார்.

போன கிழமை அத்தியாயத்தில் நாங்கள் யோகநாதனை விட்டுவந்தது, உடுப்பு உலர்த்தும் ட்றையர் மெஷினுக்குப் பின்னால், முழங்காலில். அவர் இன்னும் எழும்பவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஐந்து மாதத்துக்கு முன் அவருடைய மனைவி அருந்ததி ரீச்சருக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலிலேயே எல்லாம். பெட்சீற் நாளுக்கு எத்தனை தரம் மாறும் என்று சொல்ல முடியாது. மாற்றியதைத் தோய்க்க மெஷின் இருந்தது. காயப்போட மொட்டைமாடி இருந்தது, அதில் அவர்களுடைய வீட்டு இலக்கம் எழுதிய கொடியும் இருந்தது, வெயிலும் இருந்தது. யோகநாதன் சம்மதிக்கவில்லை. ரீச்சர் கட்டிலோடு போய்விட்டார் என்பதை அந்தச் சீற்றுகள் எட்டு மாடிக்கும் வாசித்துக் காட்டும் என்றார். மகன் சாரங்கனின் பழைய அறையில் கயிறு கட்டி, கதவைச் சாத்தி, ஃபானுக்குக் கீழே போடச் செய்தார். கடல் காற்றில் அவை காயவில்லை. காய்ந்தது மாதிரி நடித்தன.

அப்போதுதான் ரொறன்ரோவிலிருந்து சாரங்கன் ஒரு ட்றையரைப் பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்பினான். அம்மாவுக்காக என்றான். தன் வீட்டுக்குப் புதிது வாங்கிவிட்டதால் என்பதையும் சொன்னான், ஆனால் அடுத்த வாக்கியத்தில்.

வந்து மூன்று கிழமை. ட்றையர் ஓடுகிறது. உருளை சுற்றுகிறது, லைற் எரிகிறது, முடிந்ததும் மணியும் அடிக்கிறது. சூடு மட்டும் வரவில்லை.

இதற்கிடையில் அருந்ததியின் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, போன திங்கட்கிழமை உடைந்தது. வந்து பார்த்த டொக்டர், மருந்தைவிடக் காய்ந்த சீற் முக்கியம் என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் உஷாந்தி அன்றிரவே முடிவு சொன்னாள். தெஹிவளையில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் ஒரு கட்டில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை பார்ப்பார்கள். அதற்குள் வீட்டில் அம்மா காய்ந்த சீற்றில் படுக்க வழி வந்தால் அம்மா வீட்டில். இல்லாவிட்டால் தெஹிவளையில்.

இன்று வெள்ளிக்கிழமை.

*

"அப்பா, சூடு வருதோ?"

"ஓடுது."

"ஓடுறது எனக்கும் கேக்குது. கீழ்வீட்டுக்கும் கேக்குது. சூடு வருதோ எண்டுதான் கேட்டனான்."

"சூடு எண்டது ஒரு விளைவு, பிள்ளை. முதல்ல ஓட்டத்தை நிலைப்படுத்த வேணும்."

உஷாந்தி கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்கிறாள். விபத்துக்குப் பிறகு ஆட்கள் சொல்லும் காரணங்களைக் கேட்பதுதான் அவளுடைய தொழில். இன்று லீவு போட்டிருந்தாள். வீட்டிலும் அதே வேலை.

அவள் ட்றையரின் கதவைத் திறந்து ஒரு சீற்றை இழுத்தாள். கயிறு மாதிரி முறுகி, குளிர்ந்து, ஈரமாக வந்தது. முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்விட்டு உடனே தள்ளிப் பிடித்தாள்.

"இது அஞ்சாம் தரம் சுத்துது."

"ஈரம் குறைஞ்சிருக்கு."

"எங்க?"

"ஒப்பிட்டுப் பாக்க வேணும்," என்றார் யோகநாதன்.

செவ்வாய்க்கிழமை மருதானையிலிருந்து ரிம்ஸான் என்ற திருத்துநர் வந்து போயிருந்தார். தன்னம்பிக்கையில் அவரும் குறைந்தவரல்ல. பின்தகட்டைக் கழற்றி, ஒரு பியூஸை மாற்றி, சூட்டுக் கம்பியை மீற்றரால் தொட்டுப் பார்த்து, அது நன்றாகத்தான் இருக்கிறது என்றார். பிறகும் சூடு வராததால் சிறிது நேரம் சிந்தித்தார்.

"சேர், இது குளிர் நாட்டு மெஷின். இங்க வந்தொடன சுத்திவர சூடு ஈக்கிறத பாத்துட்டு, இனி நாம எதுக்கு சூடு போடணுமெண்டு நெனக்குது. சென்சர்."

ஏசியைக் கூட்டி, அறையைக் குளிராக்கி, ட்றையரை ஏமாற்றிப் பார்க்கும்படி ஆலோசனையும் சொன்னார். ஒரு மின்பொறியியலாளர் இந்தக் கருத்தைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். யோகநாதன் சிரிக்கவில்லை. புதன்கிழமை முழுவதும் அந்த அறையில் ஏசி ஓடியது. உஷாந்திக்கு அப்போது அது விசித்திரமாகப் படவில்லை. அப்பாவுக்கு ஏதாவது ஒன்றில் நம்பிக்கை இருக்கட்டும் என்று நினைத்தாள்.

*

அருந்ததி கணித ரீச்சராக இருந்தவர். முப்பது வருடம் பெண்பிள்ளைகளுக்குச் சூத்திரம் சொல்லிக் கொடுத்த குரல் இப்போது ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் ஏறாது. பாரிசவாதம் சொற்களைத்தான் குறைத்தது, மிச்சம் விட்டவற்றுக்குக் கூர் தீட்டிவிட்டுப் போயிருந்தது.

உஷாந்தி அவரைப் பக்கவாட்டில் திருப்பி மருந்து வைத்தாள். கீழே விரித்திருந்தது நேற்று ஃபானில் காய்ந்த சீற். கையை வைத்தால் கை குளிர்ந்தது.

"எரியுதோ அம்மா?"

"ஓம்."

வாசலில் யோகநாதன் வந்து நின்றார். கையில் திருப்புளி. அதைப் பிடித்திருக்கும்வரை தன்னை யாரும் எதுவும் கேட்க முடியாது என்பதுபோல் பிடித்திருந்தார்.

"இஞ்சரும், மத்தியானத்துக்குள்ள சரிவரும். ஒரு சின்ன விசயம்தான் மிச்சம்."

அருந்ததி இடது கையைத் தூக்கி மேலே காட்டினார். சீலிங்கை அல்ல. அதற்கும் மேலே.

"மேல போடுங்கோ."

"ஊர் பாக்கும்."

"பாக்கட்டும்."

"உமக்கு விளங்கேல்ல. நாளைக்கு லிஃப்டில நிக்கிற ஆக்கள் எல்லாம் கேப்பினம், ரீச்சருக்கு என்ன நடந்தது எண்டு. நான் என்ன சொல்லுறது?"

"நடந்ததை," என்றார் அருந்ததி.

யோகநாதன் திருப்புளியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு மெஷினிடம் போனார்.

*

சாரங்கன் வெள்ளிக்கிழமைகளில் காலையில்தான் வீடியோவில் வருவான். அங்கே வியாழன் இரவு. இன்று வீட்டுக்குக் கீழே பேஸ்மன்றில் நின்றபடி வந்தான். பின்னால் அவனுடைய புதிய ட்றையர் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் கையிலிருந்த துவாயிலிருந்து ஆவி பறக்காத குறை.

"என்ன உஷா, இன்னும் சரிவரேல்லையோ? இங்க ஏழு வருஷம் ஒரு கரைச்சலும் தரேல்ல."

"அங்க சூடு வந்ததோ அண்ணா?"

"வராமல்? கொதிக்கும். சீலை சுருங்குதெண்டு வீட்டில சண்டையே வந்தது."

"இஞ்ச சுத்துது. அவ்வளவுதான்."

"அப்பாட்டக் குடு."

உஷாந்தி போனைத் திருப்பினாள். யோகநாதன் மெஷினுக்கு முன்னால் வந்து நின்றார். பொதுவாக அவர் பின்னால்தான் நிற்பார்.

"அப்பா, பிளக்கை எதில குத்தியிருக்கிறியள்?"

"ட்ரான்ஸ்ஃபோமரில. நூற்றிருபது வோல்ற். சரியாய் அளந்துதான் விட்டிருக்கிறன்."

"ட்ரான்ஸ்ஃபோமரில எப்பிடிக் குத்தினியள்? அதுக்கு நாலு கால் பிளக் அல்லோ. இங்க ட்றையருக்கு எண்டு சுவரில தனியாப் பெரிய பிளக் பொயின்ற் இருக்கும். சாதாரண பொயின்றில அது போகாது."

"தம்பி, உன்ர லைன் விட்டுவிட்டு வருது."

"எனக்கு வடிவாக் கேக்குது," என்றாள் உஷாந்தி.

அவள் போனை ட்றையருக்கு மேல் சாய்த்து வைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். யோகநாதன் விலகவில்லை. அவள் அவரைச் சுற்றிப் போனாள்.

பின்னால் கைவிரல் தடிப்பில் ஒரு வயர் வந்தது. அதன் முனையில் ஒரு சாதாரண மூன்றுகால் பிளக். பிளக்கில் மூன்று கம்பி போயிருந்தது. நாலாவது கம்பி வெளியே மடிக்கப்பட்டு, நுனியில் கறுப்பு ஒட்டுநாடா சுற்றப்பட்டிருந்தது. மிக நேர்த்தியான சுற்று. ஒரு மடிப்புக்கூட மேலே ஏறவில்லை. யன்னல் விளிம்பில், கழற்றிய ஆணிகளுக்குப் பக்கத்தில், முஷ்டி அளவில் ஒரு பிளக் கிடந்தது. நாலு கால். வயரோடு வெட்டப்பட்டது.

அவள் அதை எடுத்துக் கமராவுக்கு முன்னால் பிடித்தாள்.

"இதுவோ அண்ணா?"

சாரங்கன் துவாயை ட்றையருக்கு மேல் போட்டுவிட்டுத் திரைக்குக் கிட்ட வந்தான்.

"அப்பா, நீங்கள் வெட்டிப்போட்டியளோ?"

"இஞ்சத்த சுவரில அது போகாது. நாலு கால் எண்டது அவங்கட ஆடம்பரம். மூண்டே போதும்."

"மோட்டருக்குப் போதும். ஓடும். சூடு வாறதுக்கு ரெண்டு பக்கத்துக் கரண்டும் வேணும் அப்பா. ஒரு பக்கத்தை நீங்கள் கட்டி விட்டிட்டியள். அப்ப எப்பிடிச் சூடு வரும்? இங்க வீடு வைச்சிருக்கிற எந்த ஆளுக்கும் இது தெரியும்."

மூன்று கிழமையாகத் திருத்தப்பட்ட ட்றையரில் பழுது எதுவும் இருக்கவில்லை. திருத்தத் தொடங்கிய நாளில்தான் பழுது வந்தது. உஷாந்தியின் கந்தோரில் இப்படியான விபத்துக்கு ஒரு தனிக் கோப்பே இருக்கிறது.

"சரி, தெரியாமல் வெட்டிட்டியள்," என்றாள். "இப்ப அந்தக் கம்பியையும் குடுங்கோ."

"குடுக்கேலாது."

"ஏன்?"

"ரெண்டையும் குடுத்தா அஞ்சு கிலோவாட்டுக்கு மேல இழுக்கும். இந்த ட்ரான்ஸ்ஃபோமர் அந்த இடத்திலயே எரியும். பெரிசு வைச்சால் வீட்டு வயர் தாங்காது. தொடர்மாடி வயரிங் முழுக்க நான் பார்த்தனான். ஏலாது." அன்று காலையிலிருந்து அவர் சொன்னவற்றில் இதுதான் முதலாவது உண்மை. அதனால் சத்தம் குறைவாக வந்தது.

உஷாந்தி காப்புறுதிக் கந்தோரில் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"என்ன?"

"இது சூடு தராது எண்டு. எப்ப தெரியும்?"

யோகநாதன் ட்றையரின் மேல்தகட்டைக் கையால் துடைத்தார். அதில் தூசி இல்லை.

"மூண்டாம் நாள். மெஷின்ர புத்தகத்தில பாத்தனான்."

"மூண்டாம் நாள்."

"ஓம்."

"அப்ப அந்த மருதானை ஆளை ஏன் கூப்பிட்டனீங்கள்? ஏசி ஏன் போட்டனீங்கள்?"

யோகநாதன் ஏற்கெனவே இறுகியிருந்த ஓர் ஆணியை மறுபடி இறுக்கினார்.

"எங்களுக்கு ஏன் சொல்லேல்ல அப்பா?"

"சொன்னால் நீ அடுத்த நாளே எல்லாத்தையும் மேல கொண்டுபோய்ப் போட்டிருப்பாய்."

உஷாந்தி அந்த நாலுகால் பிளக்கை மெல்ல யன்னல் விளிம்பில் வைத்தாள். எறிந்திருந்தால் யோகநாதனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நீ கொஞ்சம் பொறுமையா இரு உஷா," என்றான் போனில் சாரங்கன். "அப்பாவும் பாவம்தானே. நான் வேணுமெண்டா வேற ஒரு மெஷின், அங்கத்த கரண்டுக்கு ஏத்த மாதிரி..."

"அண்ணா, நீ மெஷின் அனுப்புறதை விட்டிட்டு ஒருக்கா வந்து அம்மாவைப் பாக்கலாம்."

"இந்த வருஷம் லீவு எல்லாம்..."

இப்போது சாரங்கனின் லைனும் விட்டுவிட்டு வரத் தொடங்கியது.

*

ஃபிளாற்றில் சுவர்கள் மெல்லியவை. அருந்ததியின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது.

"உஷா."

இருவரும் போனார்கள். அருந்ததி யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன் எடு."

"ஆருக்கு அம்மா?"

"தெஹிவளைக்கு."

யோகநாதன் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். திருப்புளி இன்னும் கையில் இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தார்.

"இஞ்சரும். அவசரப்படாதையும். நான் ஏதாவது செய்வன்."

"என்ன செய்வியள்?"

ஓய்வுபெறும்வரை எந்தக் கூட்டத்திலும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் உட்காராத மனிதர், உட்கார்ந்திருந்தார்.

"மூண்டு கிழமை," என்றார் அருந்ததி. சொற்களை ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் எழுதுவதுபோல் வைத்தார். "எனக்கு ஈரம். உங்களுக்கு வெக்கம்."

"உமக்காகத்தான். உம்மைப் பற்றி ஒருத்தரும் ஒரு சொல் கதைக்கக் கூடாதெண்டுதான்."

உஷாந்தி ஏற்கெனவே நம்பரை அழுத்திவிட்டாள்.

இல்லத்தில் போன் எடுத்தது நிரோஷா என்ற மேற்பார்வையாளர். சிங்களப் பெண். வருகிறவர்கள் பாதிப்பேர் வெள்ளவத்தையிலிருந்து என்பதால் தமிழ் பழகியிருந்தார்.

"ஹரி மிஸ், ரெண்டு மணிக்கு வான் அனுப்புறது. பெட்சீட் ஆறு கொண்டு வாங்க. எல்லாத்துலயும் பேஷன்ட்ட முழுப் பேர் எழுதணும், இல்லாட்டி மத்தவங்கடதோட மாறிப்போகும். நல்லா காஞ்சு இருக்கணும். ஈரம் எடுக்க மாட்டோம், ஹரித?"

வீட்டில் பெட்சீற் ஆறு இருந்தது. ஒன்று அருந்ததிக்குக் கீழே. ஒன்று ட்றையருக்குள். நாலு சாரங்கனின் அறையில் கயிற்றில். காய்ந்தது ஒன்றுகூட இல்லை.

உஷாந்தி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். மஸாஹிரா காரணம் முழுவதையும் கேட்கவில்லை. உள்ளே போய் இரண்டு சீற்றை மடித்து எடுத்துக்கொண்டு நேரே அருந்ததியின் அறைக்கே வந்துவிட்டார்.

"இது எங்கட ஊட்டு சீட், ரீச்சர். பழசுதான். ஆனா நல்லா காஞ்சது. விரிச்சிட்டு படுங்க, திருப்பித் தர வேணாம்."

"இப்பிடி வந்து கேக்கிறது சரியில்லைத்தான் அன்ரி," என்றாள் உஷாந்தி. "உங்களுக்கு நாங்கள் ஒண்டும் சொல்லவும் இல்லை."

"சொல்லி என்ன மகள்? கொரிடோருக்கு வாசம் வாரதானே. நாலஞ்சு மாசமா எல்லாருக்கும் தெரியும். எங்கட இவர்தான் சொன்னார், கேக்காதீங்க, இஞ்சினியர் வெக்கப்படுவார் எண்டு. அதான் நாங்க தெரியாத மாதிரி ஈந்த."

யோகநாதன் கதிரையில்தான் இருந்தார். மஸாஹிரா அவரை அப்போதுதான் கண்டார். கண்டபிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, உஷாந்தியோடு சேர்ந்து ரீச்சரைத் திருப்பி, ஈரச் சீற்றை உருவி, காய்ந்ததை விரித்தார்.

அருந்ததி அதில் சாய்ந்ததும் கண்ணை மூடினார். மூன்று கிழமையாக யோகநாதன் காணாத முகம் அது. அவர் பார்த்தார். பார்க்காமல் இருக்க அந்த அறையில் வேறு இடம் இருக்கவில்லை.

*

வான் சொன்ன நேரத்துக்கு வந்தது. கொழும்பில் வராத எல்லாம் இப்படியான நாளில் நேரத்துக்கு வரும்.

உதவியாளன் ஒருவன் சக்கரக் கதிரையோடு மேலே வந்தான். கட்டிலிலிருந்து தூக்கி வைக்க இன்னொருவர் வேண்டும். யோகநாதன் முன்னுக்கு வந்தார்.

"ஜவாத் பிடிக்கட்டும்," என்றார் அருந்ததி.

வாசலில் நின்ற ஜவாத் யோகநாதனைப் பார்த்தார். யோகநாதன் நகர்ந்து வழிவிட்டார். ஜவாத் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, ரீச்சரின் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்து, அந்த உதவியாளனோடு சேர்ந்து தூக்கிக் கதிரையில் இருத்தினார். ஒரு சாமானைத் தூக்கியது மாதிரி இல்லை. பழகிய கை.

லிஃப்டுக்கு முன்னால் யோகநாதன் குனிந்தார்.

"நானும் வாறன்."

"வேண்டாம்."

"அப்ப எப்ப வரட்டும்?"

அருந்ததி யோசித்தார். ஐந்து மாதத்தில் அவர் சொன்ன மிக நீளமான வாக்கியம் அடுத்ததாக வந்தது.

"மிச்சச் சீற் நாலையும் காயவைச்சு, பேர் எழுதிக் கொண்டு வாங்கோ. அதில ஈரம் இருந்தால் வாசலில குடுத்திட்டுப் போங்கோ."

லிஃப்ட் கதவு மூடத் தொடங்கியது. உஷாந்தியின் கையில் இரண்டு பைகள் இருந்தன. அம்மாவுக்கு ஒரு பை போதும் என்பதும், மற்றது உஷாந்தி கந்தோர்ப் பயணங்களுக்கு எடுத்துப் போகும் உடுப்புப் பை என்பதும், கதவு மூடி, லிஃப்ட் இரண்டு மாடி இறங்கிய பிறகுதான் யோகநாதனுக்கு உறைத்தது.

போன் எடுத்தார். உஷாந்தி எடுக்கவில்லை.

*

வீட்டுக்குள் வந்து முதலில் கதவைச் சாத்தினார். ட்றையரின் வயரைக் கழற்றினார். சாரங்கனின் அறையில் தொங்கிய நாலு சீற்றையும் இழுத்தெடுத்து, தோய்க்கும் மெஷினில் போட்டு, சவர்க்காரத் தூளை எவ்வளவு போடுவது என்று தெரியாமல் கூடுதலாகப் போட்டு, இன்னொரு முறை தோய்த்தார். வழிந்த நுரையைத் தன் துவாயால் துடைத்தார்.

பிறகு சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு மூலையாக விரித்து, சங்க அறிவித்தல் எழுதும் அழியாப் பேனாவை எடுத்தார். அ.யோ. என்று மட்டும் எழுத நினைத்தார். அந்த இல்லத்தில் வேறு அ.யோ.க்கள் இருக்கக்கூடும். வீட்டு இலக்கத்தை எழுதலாமா என்று பார்த்தார். நிரோஷா முழுப் பெயர் என்று சொன்னது அவருக்கும் கேட்டிருந்தது. ஈரத் துணியில் மை கொஞ்சம் ஊறியது. ஆனாலும் எழுத்து அவருடைய எழுத்துத்தான், அளவெடுத்த மாதிரி. அருந்ததி யோகநாதன். நாலு தரம் எழுதினார்.

லிஃப்டில் போகவில்லை. லிஃப்டில் ஆட்கள் இருப்பார்கள். ஈரச் சீற் நாலும் நிறைந்த பேசினை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு படியால் ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார். மூச்சு வாங்கும்போது பேசினை முன்னால் பிடிக்க முடியாது என்பதையும், இடுப்பில் இடுக்கினால்தான் சரிவரும் என்பதையும் ஏழாம் மாடியில் கண்டுகொண்டார்.

மொட்டைமாடியில் பின்னேர வெயில் தாராளமாக விழுந்துகொண்டிருந்தது. அது அங்கே ஐந்து மாதமும் விழுந்துகொண்டுதான் இருந்தது. கீழே ரயில் தண்டவாளத்துக்கு அப்பால் கடல். காற்று பலம்.

ஜவாத் காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தார். யோகநாதனைக் கண்டதும் கையிலிருந்த சேர்ட்டைத் தோளில் போட்டார்.

"ரீச்சர் தெஹிவளைக்குப் போய்ச் சேந்தாங்களாம். உஷா மகள் மஸாஹிராக்கு கோல் எடுத்து சொன்னா."

"ஓ," என்றார் யோகநாதன். தனக்கு எடுக்காத கோல் எதிர்வீட்டுக்கு எடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அவர் பேசினுக்குள் பார்த்தபடி கேட்டுக்கொண்டார்.

"காத்து கூட. கிளிப் வேணுமா?"

"வேண்டாம்."

முதலாவது சீற்றைக் கொடியில் எறிந்தார். அது மறுபக்கமாக வழுக்கிப் பறந்து ஜவாதின் தலைக்கு மேல் விழுந்தது. ஜவாத் அதைத் தலையிலிருந்து எடுத்து, நாலு மூலையும் பிடித்து உதறி, நீட்டினார். கூடவே ஒரு பிடி கிளிப்பையும் பேசினுக்குள் போட்டார். பிறகு தன் உடுப்புகளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். இருந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் யோகநாதனுக்குக் கோபமாவது வந்திருக்கும்.

அதை எப்படியோ கொடியில் ஏற்றினார். இரண்டாவதை எறியவில்லை. விரித்துப் போட்டார். சுருக்கத்தைக் கையால் இழுத்தார். பெயர் எழுதிய மூலையை உட்பக்கம் மடித்து வைத்தார். காற்று அதைப் புரட்டி வெளியே எடுத்தது. படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. மறுபடி மடித்தார். மறுபடி வெளியே வந்தது.

மேலே வந்தது நாலாம் மாடிக்காரர்கள் சிலர். பேச்சு பாதியில் நின்றது.

யோகநாதன் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. அந்த மூலையைப் பிடித்து, பெயர் தெரியும்படி நேராக்கி, அதிலேயே கிளிப்பைக் குத்தினார். மூன்றாவதை எடுத்தார். அதை அவர் மடிக்கவில்லை.